பிளசி சாப்பிடக் கூப்பிட்டவர்கள்

கட்டுக்கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. பாலக்கோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவன் நான். பெயர் மாதவராஜ். கரண்டுக்குப் பயப்படுவேன், பேய்க்குப் பயந்ததில்லை. போன மாசி மாதம் வரைக்கும் பயந்ததில்லை.

இது ஜோஸ்வினுக்கு நடந்தது. பத்தாவது வரைக்கும் என் பெஞ்சில் உட்கார்ந்தவன் அவன். தொப்பூர் கணவாய் இறங்கி முடிகிற இடத்தில் மாரப்பன் டீக்கடை இருக்கிறது. அங்கே பட்டப்பகலில், எனக்கு எதிரில் உட்கார்ந்து, அவன் வாயாலேயே சொன்னான். நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

முதலில் இந்த ஜோஸ்வின் யாரென்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு வயிற்றெரிச்சல் ஆறாது.

அதியமான்கோட்டையில் பிறந்து, ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலைக்கு வியட்நாம் போனவன். சைகோனில் வெளிநாட்டுக்காரர்கள் மொய்த்துக் கிடக்கிற பகுதி ஒன்று இருக்கிறதாம். பிரெஞ்சுக்காரன், கொரியாக்காரன், டெல்லிக்காரன், நம்ம ஜோஸ்வின், எல்லாரும் ஒரே அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். அந்த ஊர் சனம் அதற்குள் வருவது பெருக்கவும் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் மட்டும்தான். சாயங்காலமானால் இவர்கள் மொட்டை மாடியில் பீரோடு உட்கார்ந்து, கீழே போகிறவர்களைப் பார்த்து இளிப்பார்கள். ‘இவனுங்க இருக்கானுங்களே…’ என்றுதான் பேச்சே தொடங்கும். அவர்களுக்குள்ளேயே ஒருத்தனை ஒருத்தன் பிடிக்காது. ஊர்க்காரனைக் கேலி பண்ணும்போது மட்டும் எல்லாரும் அண்ணன் தம்பி.

அந்த மண்ணில் சம்பாதித்து, அந்த மண்ணின் அரிசியைத் தின்று, இத்தனை வருடமாகியும் அந்த பாஷையில் தண்ணீர் கேட்கத் தெரியாது இவனுக்கு. அதைப் பெருமையாக வேறு சொன்னான். தூ!

அவன் மனைவி ஸ்டெஃபி அப்படியில்லை. கோவிலூர்ப் பெண். போன இடத்தில் நாலு பேரிடம் பேசிப் பழகுகிறவள். அவர்களுடைய மகள் பிளசிக்கு ஆறு வயது. பிறந்ததே சைகோனில்தான். அவளை வளர்த்தது லான் என்கிற அந்த ஊர் அம்மாள். பிளசிக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். வியட்நாம் பேச்சு மழையாகப் பொழியும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். சாப்பாட்டில் கை வைக்கும் முன், வீட்டில் இருக்கிற பெரியவர்களை ஒவ்வொருவராக உறவு சொல்லிப் பிள்ளைகள் சாப்பிடக் கூப்பிட வேண்டும். பெரியவர்கள் முதல் வாய் வைத்த பிறகுதான் பிள்ளை சாப்பிடும். லான் அதைப் பிளசிக்குப் பழக்கிவிட்டாள். தினமும் தட்டின் முன் உட்கார்ந்து, “கோன் மோய் பா அன் கம்” என்பாள். உங்கள் பிள்ளை அப்பாவைச் சாப்பிட அழைக்கிறேன் என்று அர்த்தம். அப்புறம் அம்மாவுக்கு ஒன்று. அதற்கப்புறம்தான் ஸ்பூனைத் தொடுவாள்.

எனக்கு அப்படி ஒரு பிள்ளை இருந்தால் தூக்கிக் கொஞ்சியிருப்பேன். இவனுக்கு எரிச்சல். “வேலைக்காரி புத்திய என் புள்ளைக்குக் கத்துக் குடுத்துட்டா” என்பானாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மாதாமாதம் ஒரு நாள், கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் தெருவோரத்தில் ஒரு தட்டு வைப்பார்கள். கஞ்சி, பொரி, மிட்டாய், ஒரு கிண்ணம் அரிசி, ஒரு கிண்ணம் உப்பு, ஊதுபத்தி. நாதியில்லாமல் செத்தவர்களுக்கு, வழியில் அடிபட்டுப் போனவர்களுக்கு, சோறு வைக்க ஆளில்லாதவர்களுக்கு. கட்டாயம் வீட்டுக்கு வெளியே. பத்தி அணைந்ததும் அந்த அரிசியையும் உப்பையும் அள்ளித் தெருவில் வீசிவிடுவார்கள். சாப்பிட்டாயிற்று, கிளம்புங்கள் என்று வழியனுப்புவது அதுதான்.

மொட்டை மாடிக் கும்பலுக்கு மாதாமாதம் இதுதான் சிரிப்பு.

போன கிறிஸ்துமஸுக்கு ஜோஸ்வின் குடும்பத்தோடு ஊருக்கு வந்தான். தொப்பூரில், மாரப்பன் கடையை ஒட்டி, வளைவு ஓரமாக ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருக்கிறான். அதைப் பார்க்கப் போனவனுக்குக் குசும்பு வந்துவிட்டது. சைகோன் கூட்டாளிகளுக்கு வீடியோ கால் போட்டான். டீக்கடையில் கிடந்த முறத்தை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். அந்த ஊர்க்காரர்கள் போடுகிற கூம்புத் தொப்பியாம்! கல்லின் மேல் இலை போட்டான். கஞ்சி, பொரி, அரிசி, உப்பு, ஊதுபத்தி, ஒன்று விடவில்லை.

“வேணாங்க” என்றாள் ஸ்டெஃபி. “அதுவும் இந்த எடத்துலயா?”

தொப்பூர் வளைவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாரம் தவறினாலும் அங்கே விபத்து தவறாது.

“நம்ம வேதத்துல பேயும் கெடையாது, கீயும் கெடையாது. சும்மா இரு” என்று சொல்லிவிட்டு, ரோட்டைப் பார்த்துக் கையை விரித்துக் கத்தினான்: “அடிபட்டுச் செத்தவங்க, அனாதைங்க, எல்லாரும் வாங்க! வயிறாரச் சாப்பிடுங்க! ஃப்ரீ!”

போனில் பிரெஞ்சுக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். டெல்லிக்காரன் கை தட்டினான்.

அப்போது ரோட்டில் சத்தம் நின்றது.

ராவும் பகலும் லாரி உறுமுகிற ரோடு அது. ஒரு வண்டிகூட இல்லை. நல்ல காற்று அடிக்கிறது. ஊதுபத்திப் புகை மட்டும் கயிறு கட்டித் தொங்கவிட்டதுபோல் நேராக நின்றது. கஞ்சியின் மேல் படிந்திருந்த ஆடை, நடுவில் லேசாக விண்டது.

ஜோஸ்வின் இதையெல்லாம் பார்த்தானாம். பார்த்தும் சிரித்தானாம்.

பத்தி அணைந்தது. “அரிசியையும் உப்பையும் ரோட்டுல வீசிடுங்க” என்றாள் ஸ்டெஃபி.

அங்கேதான் நம்ம ஊர்க்காரன் முழித்துக்கொண்டான். “அரிசியையும் உப்பையும் ரோட்டுல கொட்டறதா? ஒரு பருக்கை சிந்துனா எங்கம்மா முதுகுத் தோல உரிச்சிருப்பாங்க. அவனுங்களுக்குத்தான் திமிரு. நமக்கு என்னா கேடு?”

இரண்டையும் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனான். அரிசியை அரிசி டிரம்மில் கொட்டினான். உப்பை உப்பு ஜாடியில் கொட்டினான்.

வெளியே நிறுத்த வேண்டியவர்களை அடுப்படி வரைக்கும் கூட்டிக்கொண்டு போயாயிற்று.

அன்றைக்கே அந்த அரிசியில் சோறு, அந்த உப்பில் குழம்பு. அதியமான்கோட்டை வீட்டில் அவர்கள் மூன்று பேர்தான். வேறு யாரும் கிடையாது. பிளசி தட்டின் முன் உட்கார்ந்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள். அம்மாவைக் கூப்பிட்டாள்.

பிறகு காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்துத் திரும்பினாள். “கோன் மோய் பாக் அன் கம்.”

பாக் என்றால் பெரியப்பா.

ஜோஸ்வின் சிரித்தான். “யாரைடி கூப்பிடற?”

 பிளசி அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் இரண்டு பெரியப்பா, ஒரு அக்கா.

அதற்கடுத்த நாள், மேசையைச் சுற்றிக் கூப்பிட்டுவிட்டு, சோபாவைப் பார்த்துக் கூப்பிட்டாள். சுவரோரம் கூப்பிட்டாள். எழுந்து போய், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்.

கூப்பிட்டு முடிவதற்குள் சோறு ஆறிவிட்டது.

“போதும், சாப்பிடு” என்று ஜோஸ்வின் அதட்டினான்.

பிளசி சாப்பிடவில்லை.

“ஏன்?”

“அவங்க இன்னும் ஆரம்பிக்கல.”

“யாரு?”

“எல்லாரும்.”

ஸ்டெஃபி கேட்டாள். “ஏன் கண்ணு ஆரம்பிக்கல?”

பிளசி மெதுவாகச் சொன்னாள். “அந்தப் பெரியப்பாவுக்குக் கை இல்லம்மா.”

…

“அந்த அக்காவுக்கு வாய் இல்ல.”

பெரியவர்கள் வாய் வைக்காமல் பிள்ளை வைக்கக் கூடாது. லான் பழக்கியது அது. பிளசி மரியாதை தெரிந்த பிள்ளை. ஒரு பருக்கை தொடவில்லை.

காலையிலும் தொடவில்லை. மத்தியானமும் தொடவில்லை. ஊட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். பாலைக் கையில் கொடுத்தால், அதைக் காலி நாற்காலிப் பக்கம் நகர்த்தி வைத்தாள். தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, குளுக்கோஸ் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறது என்றார் டாக்டர்.

கன்னம் ஒட்டிப்போயிற்று. கண் உள்ளே போயிற்று. நாலு நாளில் ஆறு வயதுப் பிள்ளை இடுப்பில் பஞ்சாக இருந்தது. அப்போதும் வேளை தவறாமல் தட்டின் முன் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. குரல்தான் எழும்பவில்லை.

ஸ்டெஃபிக்குப் பொறுக்கவில்லை. லானுக்குப் போன் போட்டு அழுதாள். லான் ஒன்றே ஒன்று கேட்டாளாம். “உப்பு எங்கே?”

ஸ்டெஃபி சொன்னாள்.

 லான் சொன்னாள்: எங்கே கூப்பிட்டீர்களோ, அங்கேயே கொண்டுபோய் வீசுங்கள். கூப்பிட்டவரே வீச வேண்டும். மரியாதையாக அனுப்புங்கள். கூப்பிட்டது நீங்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

“பத்துப் பாத்திரம் தேய்க்கறவ எனக்குப் புத்தி சொல்றாளா?” என்று ஜோஸ்வின் குதித்தான். மானம் கெட்டவன்! பெற்ற பிள்ளை சோறில்லாமல் வாடிக் கிடக்கிறது, இவனுக்குக் கௌரவம்! ஸ்டெஃபி அவன் காலில் விழுந்தாள். அப்போதும் அசையவில்லை. கடைசியில் பிளசி தட்டின் முன்னாலேயே மயங்கிச் சாய்ந்தாள். அதற்கப்புறம்தான் துரை எழுந்தார்.

அரிசி டிரம்மையும் உப்பு ஜாடியையும் காரில் ஏற்றிக்கொண்டு தொப்பூருக்குப் போனான். பொழுது இறங்குகிற நேரம். வளைவிலேயே காரை நிறுத்தினான். ரோட்டில் இறங்கி நின்றான்.

லான் மரியாதையாக அனுப்பச் சொன்னாள் அல்லவா? இவன் எப்படி அனுப்பினான் தெரியுமா?

“தின்னது போதும்! போய்த் தொலைங்கடா, நாதாரிங்களா!”

உப்பை வாரி அடித்தான். அரிசியை வாரி அடித்தான்.

மறுபடியும் ரோட்டில் சத்தம் நின்றது…

பிறகு ஒரே ஒரு ஹாரன். ரொம்பப் பக்கத்தில்.

“லாரிக்காரன் உரசிட்டுப் போயிட்டான்டா” என்றான் ஜோஸ்வின், டீக்கடையில் என்னிடம். “கீழ விழுந்தன். எழுந்து பார்த்தா ஒரு சிராய்ப்பு கெடையாது. காரத்தான் ஸ்டார்ட் பண்ண முடியல, சாவி கையில நிக்கவே இல்ல. அப்புறம் வழியில போன ஒரு பைக்குக்காரன் ஏத்திக்கினு போயி வூட்டாண்ட வுட்டான்.”

“புள்ள?” என்று நான் பதறிக் கேட்டேன்.

“ஜன்னல்ல பார்த்தன். சாப்பிட்டுக்கினு இருந்தா. அம்மாவ மட்டும் கூப்பிட்டா, உடனே சாப்பிட்டா. ஒருத்தனும் இல்ல. எல்லாம் ஓடிட்டானுங்க!”

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அவன் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. உதட்டைச் சுழித்துக்கொண்டிருந்தான்.

“ஆனா பாரு, அந்த லான் பொம்பள என் குடும்பத்தையே கெடுத்துட்டா. கதவத் தட்டறன், ஸ்டெஃபி தொறக்க மாட்டேங்கறா. மூஞ்சியக்கூடப் பார்க்க மாட்டேங்கறா. இந்தப் புள்ள என்னா பண்ணுது தெரியுமா? ஒரு கிண்ணத்துல சோறு போட்டுக் கொண்டாந்து வாசப்படில வெச்சிட்டு, அப்பா சாப்பிடுங்கன்னு சொல்லுது. பெத்த அப்பனுக்கு வாசல்ல சோறு! சாப்பிட்டு முடிச்சா தொரத்தி வுட்டுடுதுங்க. தெனமும் இதே கூத்து. கோவம் வந்து இங்க வந்து குந்திக்கறன்.”

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நல்லா வேணும்டா உனக்கு! ஊரான் ஊரில் ஊரானைக் கேவலமாகப் பேசினவனை, சொந்த வீட்டில் வாசலில் நிறுத்திவிட்டாள் பொண்டாட்டி. கோபம் இருக்காதா அவளுக்கு?

அவனுக்காக வாங்கிய டீ அப்படியே ஆறிக் கிடந்தது. மாரப்பன் கடை டீயெல்லாம் சைகோன் துரைக்கு எப்படி இறங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் கூடப் படித்தவன். “வண்டியில ஏறு. நான் வந்து ஸ்டெஃபிகிட்டப் பேசறன்” என்றேன்.

சட்டென்று எழுந்து வந்தான். கூப்பிட மாட்டார்களா என்று காத்துக் கிடந்தவன்போல.

என்னுடையது பழைய வண்டி. இரண்டு பேர் உட்கார்ந்தால் கணவாய் ஏற்றத்தில் முக்கும், முனகும். அன்றைக்குக் கியர்கூட மாற்றவில்லை. அதுபாட்டுக்கு ஏறியது. போன வாரம்தான் சர்வீஸ் விட்டிருந்தேன். அதனால்தான் என்று நினைத்தேன்.

அதியமான்கோட்டைக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். வாசலில் வண்டியை நிறுத்தினேன். “நீ இங்கயே நில்லு” என்று சொல்லிவிட்டு, நான் மட்டும் படியேறிக் கதவைத் தட்டினேன்.

ஸ்டெஃபி கதவைத் திறந்தாள்.

“என் பேரு மாதவராஜ், ஜோஸ்வின் கூடப் படிச்சவங்க. அவன் பேசனதெல்லாம் தப்புத்தான். உள்ள கூப்பிடுங்க, பாவம். வெளிய நிக்கறான்.”

அவள் திடுக்கிடவில்லை. களைத்துப்போன முகத்தோடு என்னைப் பார்த்தாள். “தொப்பூர்ல இருந்துங்களா வர்றீங்க?”

“ஆமாங்க.”

“மாரப்பன் டீக்கடையா?”

“ஆமாங்க…”

அவள் ஒதுங்கி நின்றாள்.

உள்ளே மாதா சுரூபம் தெரிந்தது. பக்கத்தில் மெழுகுவர்த்தி.

அதற்குப் பக்கத்தில் ஜோஸ்வின் படம்.

மாலை போட்டிருந்தது. பூ காய்ந்து கருத்திருந்தது.

 திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

“லாரி அடிச்சு…” என்றாள் ஸ்டெஃபி. “உப்பு ஜாடி கையிலயே இருந்துதுங்க.”

உள்ளேயிருந்து பிளசி வந்தாள். கன்னம் தேறி, நல்ல பிள்ளையாக இருந்தாள். கையில் ஒரு கிண்ணம். வாசற்படியில் வைத்தாள். நிமிர்ந்து, என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

“கோன் மோய் பா அன் கம்.”

எனக்குப் பின்னால் மண் நறநறவென்று அரைபட்டது.

கிண்ணத்துச் சோற்றின் நடுவில் லேசாகக் குழி விழுந்தது…

பிளசி பொறுமையாக நின்றாள். பிறகு ஒரு பிடி அரிசியும் உப்பும் எடுத்து வாசலில் வீசினாள். அதில் பாதி என் சட்டையில் பட்டுத் தெறித்தது. ‘போயிட்டு வாங்க’ என்று அவள் சொல்லவில்லை. கை கூப்பிக் கும்பிட்டாள், அவ்வளவுதான். அப்பன் தராத மரியாதையை அந்தச் சின்னது தந்தது.

வாசல் காலியான மாதிரி இருந்தது. நான் திண்டாடி, வாய்க்கு வந்ததைக் கேட்டேன். “இப்படி அனுப்பிச்சா… போயிடுவானாங்க?”

ஸ்டெஃபி கிண்ணத்தைக் குனிந்து எடுத்தாள்.

“போயிடறாருங்க. தெனமும் அனுப்பறோம், போயிடறாரு. ஆனா தெனமும் உங்கள மாதிரி யாராச்சும் ஒருத்தர் எரக்கப்பட்டு வண்டியில ஏத்திக்கினு வந்து வுட்டுடறீங்க.”